வண்டிக்கு விக்கல்!

காஸில் ஓடும் காருக்கு வரும் ஒரு கோளாறும், அதைக் கண்டுபிடிக்க வீட்டுப் பெண்கள் உதவக்கூடிய வழியும்

மாலை ஆறு மணிக்குக் கல்மண்டபத்தில் நீங்கள் நின்று பார்த்திருக்கிறீர்களா? பார்த்திராவிட்டால் சிரமப்பட்டுப் போய்ப் பார்க்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். இன்னொரு பக்கம் காசிமேட்டிலிருந்து வரும் மீன் வண்டிகள். நடுவில் பஸ், ஆட்டோ, சைக்கிள், ஸ்கூட்டர். இவ்வளவுக்கும் இடையில் புகுந்து மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும் நம்மைப் போன்றவர்கள்.

சென்ற வருஷம் ஒரு நாள் அந்த நெரிசலின் நட்டநடுவில் ஒரு கார் நின்றுவிட்டது. பின் ஸீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி. பக்கத்தில் அவளுடைய தாயார். ஓட்டியவன் அந்தப் பெண்ணின் தம்பி. திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய்க் கொண்டிருந்தார்கள். வலி கண்டு ஒரு மணி நேரமாகிவிட்டது. தம்பி சாவியைத் திருகுகிறான், வண்டி முனகுகிறது, பின்னால் லாரிக்காரர் ஹார்னை அழுத்துகிறார். அந்தத் தாயாரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைப் பெண்ணைப் பெற்ற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பயப்படாதீர்கள். ஓர் ஆட்டோக்காரர் தம் வண்டியிலிருந்த சவாரியை இறக்கிவிட்டு அவர்களை ஏற்றிக் கொண்டு போய்ச் சேர்த்தார். பெண் குழந்தை. தாயும் சேயும் சௌக்கியம். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை இவ்வளவு சாவகாசமாக எழுத எனக்கு மனம் வந்திராது.

அந்தத் தாயார் எனக்கு வேண்டியவர். கார் ஏன் நின்றது என்ற கதையை அவர் சொல்லக் கேட்டபோது, இது நம்மில் பலருக்கும் உபயோகப்படும் விஷயமாயிற்றே என்று தோன்றியது.

உனக்கென்னம்மா தெரியும்?

அவர்களுடையது பன்னிரண்டு வருஷத்துப் பெட்ரோல் வண்டி. பெட்ரோல் விற்கிற விலையில் கட்டுப்படியாகவில்லை என்று, அதற்கு ஐந்து மாதம் முன்பு காஸ் 'கிட்' போட்டு ஸி.என்.ஜி. வண்டியாக மாற்றினார்கள். செலவு சில பத்தாயிரம் ரூபாய். முதல் மாதம் வீட்டில் ஒரே ஆனந்தம். மிச்சமான பணத்தை வளைகாப்புச் செலவுக்கு ஒதுக்கி வைத்தாராம் அந்த அம்மாள்.

இரண்டாவது மாதம் வண்டிக்கு விக்கல் பிடித்துக் கொண்டது. ஒழுங்காகப் போய்க் கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒரு குலுக்கு, ஒரு தயக்கம், மறுபடி ஓட்டம். மெக்கானிக்குகள் இதை 'மிஸ்ஸிங்' என்று சொல்லுவார்கள். கிட் போட்ட பட்டறைக்குப் போனார்கள். காஸைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்கள். இரண்டு நாள் தேவலை. பிறகு பழைய குருடிதான். அடுத்த தடவை காஸைக் குறைத்து வைத்தார்கள். மூன்றாவது தடவை, "காஸ் வண்டின்னா அப்படித்தான் ஸார் இருக்கும்" என்று வேதாந்தம் பேசி அனுப்பிவிட்டார்கள்.

பின் ஸீட்டில் உட்கார்ந்து வரும் அந்தத் தாயார் மட்டும் ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்: "நாலு பேர் ஏறிக்கினு பாலத்து மேலே போவும்போதுதான்டா விக்குது. நீ மட்டும் போனா ஒண்ணும் பண்றதில்லே. மழை பெஞ்சா ஜாஸ்தி."

மகன் சிரித்தான். "வண்டியைப் பத்தி உனக்கென்னம்மா தெரியும்?"

அந்த அம்மாள் சொன்ன மூன்று வாக்கியங்களில் முழு நோயும் அடங்கியிருந்தது. அது எப்படி என்பதைத்தான் இனிமேல் பார்க்கப் போகிறோம்.

தாத்தா காலத்துக் கரிவாயு

காஸில் கார் ஓட்டுவது ஏதோ நேற்றைய அதிசயம் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோல் கிடைப்பது அரிதாகிவிட்டது. அப்போது மதராஸ் ராஜதானியில் கரிவாயுவைக் கொண்டு பஸ்களை ஓட்டினார்கள். வண்டியோடு ஓர் உயரமான இரும்பு அடுப்பை இணைத்து, அதில் அடுப்புக் கரியைக் கொட்டி, குறைந்த அளவு காற்றை விட்டுப் புகைய வைப்பார்கள். அதிலிருந்து கிளம்பும் வாயுதான் இஞ்சினுக்கு ஆகாரம். மதுரை டி.வி.சுந்தரம் அய்யங்கார் அந்தக் காலத்தில் தயாரித்த 'டி.வி.எஸ். காஸ் பிளாண்ட்' பிரசித்தமானது. ஜெர்மனி, ஸ்வீடன் போன்ற தேசங்களிலும் இம்மாதிரி வண்டிகள் ஏராளமாக ஓடின.

அந்த வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன்தான். ஆகையால் இஞ்சினின் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். மேட்டைக் கண்டால் பஸ் மூச்சு வாங்கும். பெட்ரோலுக்கென்று பிறந்த இஞ்சினுக்கு வேறு ஆகாரம் கொடுத்தால் சில அனுசரிப்புகள் தேவை என்பது அன்றைக்கே தெரிந்த பாடம்.

இன்றைய காஸ் அவ்வளவு மோசமில்லை. மிகவும் உயர்ந்த சரக்கு. வடசென்னைக்காரர்களுக்கு அது வீட்டுப் பிள்ளை மாதிரி. மணலியில் 1969ல் ஓடத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எல்.பி.ஜி. வருகிறது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019ல் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இயற்கை வாயு முனையம் ஆரம்பமாயிற்று. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர வைத்துத் திரவமாக்கிய வாயு அங்கே கப்பலில் வந்து இறங்குகிறது. வருஷத்துக்கு 50 லட்சம் டன்னைக் கையாளும் வசதி அங்கே இருக்கிறது. இயற்கை வாயுவை அமுக்கிச் சிலிண்டரில் அடைத்தால் அதுதான் ஸி.என்.ஜி.

எல்.பி.ஜி.யில் மோட்டார் வண்டி ஓட்ட நம் நாட்டில் 2000ஆம் வருஷத்தில்தான் சட்டம் இடம் கொடுத்தது. டில்லியில் சுப்ரீம் கோர்ட்டு 1998ல் போட்ட உத்தரவின் பேரில் பஸ்களெல்லாம் ஸி.என்.ஜி.க்கு மாறின. 2022ல் மத்திய அரசு, புதிய பி.எஸ். 6 ரகப் பெட்ரோல் கார்களுக்கும் பிற்பாடு காஸ் கிட் பொருத்த வழி செய்தது. ஆகையால் இந்த விக்கல் சமாசாரம் இன்னும் பல வீடுகளுக்கு வரக்கூடியது.

விக்கல் எங்கிருந்து வருகிறது?

இஞ்சினுக்குள் நடப்பது நம் சமையலறைக் காரியம்தான். காஸ் வேண்டும், காற்று வேண்டும், பற்ற வைக்க ஒரு பொறி வேண்டும். மூன்றும் சரியான அளவில், சரியான நேரத்தில் சேர வேண்டும். அடுப்புக்கு ஒரு தடவை லைட்டரைத் தட்டினால் போதும். நாலு சிலிண்டர் இஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது அதே நிமிஷத்தில் 6000 தடவை, அதாவது விநாடிக்கு 100 தடவை பற்ற வைத்தாக வேண்டும். இவற்றில் சில தடவை பற்றாமல் போனால் அதுதான் விக்கல்.

பெட்ரோலை விடக் காஸும் காற்றும் கலந்த கலவையைப் பற்ற வைக்க அதிக வலுவுள்ள பொறி வேண்டும். பெட்ரோலில் சமாளித்துக் கொண்டிருந்த தேய்ந்த பிளக்கும், வெடித்த வயரும், களைத்துப் போன காயிலும் காஸில் மாட்டிக் கொள்கின்றன. காஸ் கண்டிப்பான வாத்தியாரைப் போன்றது. பையன் படிக்காதது அவர் வந்த பிறகு ஏற்பட்ட குற்றமல்ல. அவர் வந்ததால் வெளிப்பட்ட குற்றம்.

இப்போது அந்த அம்மாளின் வாக்கியங்களுக்கு வருவோம். நாலு பேரை ஏற்றிக் கொண்டு பாலம் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை ஜாஸ்தி அழுத்துகிறோம். சிலிண்டருக்குள் காற்றும் காஸும் நிறையப் புகுகின்றன. உள்ளே அமுக்கம் கூடுகிறது. அமுக்கம் கூடிய இடத்தில் பிளக்கின் நுனியில் பொறி தாண்டுவது கஷ்டம். மின்சாரம் சுலபமான வேறு வழியைத் தேடுகிறது. பிளக்குக்குப் போகும் வயரில் விரிசல் இருந்தால், அந்த வழியாக இஞ்சினின் இரும்புக்கு ஓடிவிடுகிறது. மழை ஈரம் பட்டால் அந்தக் கள்ள வழிக்கு இன்னும் சௌகரியம். தனியாகச் சமதரையில் போனால் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே பாரம், மேடு, மழை மூன்றும் ஒரே இடத்தைத்தான் சுட்டிக் காட்டின. காஸைக் கூட்டியும் குறைத்தும் இதை எப்படி நேராக்க முடியும்?

எப்போது விக்குகிறது?

ஆகையால் சகோதரிகளே, காஸ் வண்டி விக்கினால் 'என்ன கோளாறு?' என்று கேட்பதற்கு முன்னால் 'எப்போது விக்குகிறது?' என்று கேளுங்கள். பால் கணக்கு எழுதுகிற நோட்டிலேயே ஒரு பக்கத்தை இதற்கு ஒதுக்கலாம். தேதி, நேரம், எத்தனை பேர் இருந்தார்கள், ஏ.ஸி. போட்டிருந்ததா, மழையா, கடைசியாக எப்போது காஸ் பிடித்தது, இவ்வளவுதான். நம்மில் பலர் இன்று தாங்களே ஓட்டுகிறோம். ஓட்டாதவர்களுக்கும் காது இருக்கிறதே!

முதலாவதாக, பெட்ரோலுக்கு மாற்றிப் பாருங்கள். பெட்ரோலிலும் அதே விக்கல் என்றால் குற்றம் பெரும்பாலும் இஞ்சினுடையது. கிட்டின் மேல் பழி போட வேண்டாம். காஸில் மட்டும் என்றால் பொறி வலுவற்றது, அல்லது காஸ் வரும் பாதையில் தகராறு.

பாரத்திலும் மேட்டிலும் மட்டும் விக்கினால் பிளக், வயர், காயில் மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வண்டியின் பிளக்கில் நுனி இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஒட்டியிருப்பது உண்டு. காஸுக்கு அதை 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டராகக் குறைத்து வைப்பது வழக்கம். கிட்டுடன் வரும் புஸ்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. ஒரு சிலிண்டரின் காயிலை இன்னொன்றுக்கு மாற்றிப் போட்டால் விக்கலும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்ப்பது நல்ல மெக்கானிக்கின் லட்சணம்.

காலையில் புறப்பட்டதும், பெட்ரோலிலிருந்து காஸுக்கு மாறுகிற சமயத்தில் மட்டும் விக்கினால், காஸின் அமுக்கத்தைக் குறைத்துக் கொடுக்கும் 'ரெட்யூஸர்' போதுமான சூடு பெறவில்லை என்று அர்த்தமாகலாம். ஸி.என்.ஜி. சிலிண்டரில் 200 பார் அமுக்கத்தில் இருக்கிறது. அது விரியும்போது சில்லிட்டுப் போகும். எல்.பி.ஜி.யும் திரவத்திலிருந்து ஆவியாகும்போது அப்படியே. அதனால்தான் இஞ்சினின் வெந்நீரை ரெட்யூஸரைச் சுற்றி ஓட விடுகிறார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் அந்த வெந்நீர் அங்கே போய்ச் சேராது.

சிக்னலில் நிற்கும்போது மட்டும் நடுங்கினால் காற்றுப் பாதையில் எங்கேயோ ஓட்டை இருக்கலாம். அல்லது வால்வு இடைவெளி குறைந்து வால்வு சரியாக மூடாமலிருக்கலாம். காஸ் வறண்ட எரிபொருள். நாளடைவில் சில இஞ்சின்களில் வால்வு உட்காரும் இடம் தேய்கிறது. கம்ப்ரஷன் பரீட்சை செய்தால் தெரிந்துவிடும்.

எந்நேரமும் மந்தமாக இருந்தால் ஏர் பில்டரையும் காஸ் பில்டரையும் பார்க்க வேண்டும். லாரிப் புழுதியில் ஓடும் நம் வடசென்னை வண்டிகளுக்கு ஏர் பில்டர் சீக்கிரம் அடைத்துக் கொள்ளும். காற்றுத் துவாரம் அடைத்த அடுப்பில் ஜ்வாலை மஞ்சளாக எரிகிறதல்லவா, அதே கதை.

ஒரு விஷயத்தைக் குழப்பிக் கொள்ளக் கூடாது. ஸி.என்.ஜி.யில் இழுவை சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவது இயற்கை. காற்று இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சத்தைக் காஸ் பிடித்துக் கொள்கிறது. இழுவை குறைவதைப் பொறுத்துக் கொள்ளலாம். விக்கலைப் பொறுத்துக் கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. 'காஸ் வண்டின்னா அப்படித்தான்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இவற்றை மறக்க வேண்டாம்

விக்கலோடு இஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள். எரியாத காஸ் புகைக் குழாய்ப் பக்கம் போய் அங்கே எரிந்து, விலை உயர்ந்த கன்வர்ட்டரைப் பாழாக்கிவிடும். பழைய மாதிரிக் கிட்டுகளில் பட்டாசு போல 'டப்' என்று சத்தம் கேட்பதுண்டு. நெருப்பு பின்னோக்கி வந்து காற்றுப் பாதைக்குள் வெடிப்பதால் வரும் சத்தம் அது. அதற்குப் பிறகு அந்த வண்டியைப் பட்டறைக்குத் தவிர வேறெங்கும் எடுத்துப் போகாதீர்கள்.

கட்டாயம் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. சமையல் சிலிண்டரைக் காரில் வைத்து ஓட்டுவது. சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வண்டிக்கென்று செய்த எல்.பி.ஜி. டாங்கியில் எண்பது சதவிகிதம் நிரம்பியதும் தானே மூடிக் கொள்ளும் வால்வு உண்டு. மோதலைத் தாங்கும்படி அதை இறுக்கிப் பொருத்தியிருப்பார்கள். நம் 14.2 கிலோ சிலிண்டருக்கு அந்தப் பாதுகாப்பு ஒன்றும் கிடையாது. எல்.பி.ஜி. காற்றை விடக் கனமானது. கசிந்தால் காருக்குள் குழந்தைகள் காலைத் தொங்கப் போட்டிருக்கும் இடத்தில் தேங்கி நிற்கும். போதாததற்கு, நிற்க வைத்த சிலிண்டரிலிருந்து வேகமாக ஆவியை இழுத்தால் அது குளிர்ந்து, அமுக்கம் தாழ்ந்து, வண்டி விக்கவும் செய்யும். பெரிய விருந்துச் சமையலின்போது சிலிண்டர் வியர்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களே, அதுதான்.

காஸ் வாடை வந்தால் இஞ்சினை அணைத்து, கதவுகளைத் திறந்துவிட்டு, எல்லோரும் இறங்கித் தள்ளிப் போய் நில்லுங்கள். சிலிண்டர் வால்வை மூடத் தெரிந்தவர் மூடட்டும். மறுபடி ஸ்விட்சைத் தொட வேண்டாம்.

கிட்டை அங்கீகாரம் பெற்ற இடத்தில்தான் போட வேண்டும். ஆர்.ஸி. புஸ்தகத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும். இன்ஷூரன்ஸ்காரருக்கும் தெரிவிக்க வேண்டும். ஸி.என்.ஜி. சிலிண்டரை 3 வருஷத்துக்கு ஒரு முறையும், எல்.பி.ஜி. டாங்கியை 5 வருஷத்துக்கு ஒரு முறையும் பரீட்சை செய்வது கட்டாயம். கல்யாண நாளை நினைவு வைத்துக் கொள்ளும் நீங்கள் இந்தத் தேதியையும் காலண்டரில் குறித்து வைத்தால் நல்லது. ஆண் பிள்ளைகள் இரண்டையும் மறப்பவர்கள்!

கடைசியாக, பெட்ரோல் டாங்கியில் கால் பங்காவது எப்போதும் இருக்கட்டும். கல்மண்டபத்தில் நின்ற அந்த வண்டியில் பெட்ரோல் சொட்டுக் கூட இல்லை. சிக்கனம் என்று ஸ்டார்ட் செய்வதே காஸில்தான் என்று வைத்திருந்தார்கள். பெட்ரோல் இருந்திருந்தால், நொண்டிக் கொண்டாவது ஆஸ்பத்திரி வாசலுக்குப் போயிருக்கும். பெட்ரோல் வற்றினால் பம்பும் கெட்டுப் போகும் என்பது வேறு விஷயம்.

வைத்தியர் கேட்ட கேள்வி

குழந்தை பிறந்த நாலாம் நாள், நின்ற இடத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் வண்டியைத் தள்ளிக் கொண்டு போனார்கள். அவர் ஸ்குரூ டிரைவரை எடுக்கவில்லை. "எப்போ விக்குது?" என்று மகனைக் கேட்டார். மகன் விழித்தான். கூடப் போயிருந்த தாயார் தம் மூன்று வாக்கியங்களையும் சொன்னார்.

மெக்கானிக் பட்டறையின் கதவைச் சாத்தி இருட்டாக்கி, காஸ் வாடை ஏதும் இல்லை என்று நிச்சயப்படுத்திக் கொண்டு, இஞ்சினை ஓடவிட்டு வயரின் மேல் தண்ணீரைப் பூப்போலத் தெளித்தார். ஒரு வயரின் முழங்கை போன்ற வளைவில் நீலநிறமாகப் பொறி துள்ளிற்று. (நீங்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் அது.) பிளக்குகளும் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தன. நாலு பிளக், நாலு வயர் புதிதாகப் போட்டார். கிட்டின் பக்கம் கையே வைக்கவில்லை. ஆன செலவு, பேத்தி பிறந்ததற்குத் தெரு முழுவதும் வழங்கிய மிட்டாய்ச் செலவை விடக் குறைவு.

"அம்மா சொன்னதை அன்னிக்கே கேட்டிருந்தா வண்டி நடுரோட்டிலே நின்னிருக்காது தம்பி" என்றாராம் மெக்கானிக்.

பதினோராம் நாள் புண்ணியாகவாசனம் முடிந்து, தாயையும் குழந்தையையும் உறவினர் நாலு பேரையும் அதே காரில் ஏற்றிக் கொண்டு கோயிலுக்குப் போனார்கள். வழியில் பாலம். தூறல் வேறு. தாயார் மூச்சைப் பிடித்துக் கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தாராம். வண்டி ஏறி, இறங்கி, சமதரைக்கு வந்துவிட்டது. ஒரு குலுக்கல் இல்லை.

"அப்புறம்தான் கேட்டுது, யாரோ விக்கற சத்தம்" என்று என்னிடம் சொன்னார் அந்த அம்மாள். "பார்த்தா, பேத்தி! ரெண்டு சொட்டுத் தண்ணி கொடுன்னாங்க ஒருத்தர். வேண்டாம், நெஞ்சிலே சாச்சு முதுகைத் தடவினா போதும்னேன். எது எதுக்கு என்ன வைத்தியம்னு தெரிஞ்சுக்கணும் இல்லே?"